கால் இழந்தவரும் களமிறங்கும் வலுதூக்கல்: தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

வடக்கு, கிழக்கின் சிறு நகரங்களிலும் இன்று உடற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் ஒரே மாதிரியான படம்தான்: சட்டையில்லாமல், தசை முறுக்கேறி நிற்கின்ற ஓர் இளைஞன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது எனக்குரிய இடமல்ல என்று கடந்து போகின்றவர்கள் பலர். ஒரு காலை இழந்தவர், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், நாற்பது வயதைத் தாண்டிய பெண் என்று அவர்களின் வரிசை நீளமானது.

ஆனால் பாரம் தூக்கி உடலை வலுப்படுத்தும் முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது ஆணழகன் மேடைகளில் மட்டுமல்ல. போரில் காயப்பட்டவர்கள் படுத்திருந்த வைத்தியசாலை விடுதிகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. கால் இயங்காதவர்களுக்கென்றே உலக அளவில் நடக்கின்ற ஒரு வலுதூக்கல் போட்டியும் இருக்கின்றது. அதைப் பற்றி எங்கள் மத்தியில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பெயர்க் குழப்பம்

பாரம் தூக்குகின்ற எல்லாவற்றையும் 'ஜிம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றோம். உண்மையில் இவை வெவ்வேறு விளையாட்டுகள். ஆணழகன் போட்டியில் பார்க்கப்படுவது தோற்றம். அங்கு மேடையில் எவரும் எதையும் தூக்குவதில்லை. ஒலிம்பிக்கில் இடம்பெறுகின்ற பளுதூக்கலில் தண்டைத் தரையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். ஒரே மூச்சில் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் கொண்டுபோவது கிளீன் அண்ட் ஜெர்க். இதற்கு வலுவோடு வேகமும் நுட்பமும் வேண்டும். பெண்களுக்கான பளுதூக்கல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். ஆந்திராவைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி அங்கேதான் வெண்கலம் வென்றார்.

வலுதூக்கல் இவற்றில் இருந்து வேறுபட்டது. மூன்று தூக்கல்கள் மட்டும். பாரத்தைத் தோளில் சுமந்தபடி குந்தி எழுவது ஸ்குவாட். வாங்கில் மல்லாந்து படுத்து, தண்டை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடக்கும் பாரத்தை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவது டெட்லிஃப்ட். கவனித்துப் பார்த்தால் மூன்றும் வீட்டிலும் வயலிலும் நாங்கள் செய்கின்ற வேலைகளே. கிணற்றடியில் குந்தி எழுவதும் நெல் மூட்டையை நிலத்திலிருந்து எடுப்பதும் இதே அசைவுகள்தான். தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குகின்ற வழக்கமும் இந்த விளையாட்டுக்குத் தூரத்து உறவு.

வலுதூக்கலுக்கான சர்வதேச சம்மேளனம் 1972இல் உருவானது. இது ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் ஒலிம்பிக்கில் சேராத விளையாட்டுகளுக்காக நடத்தப்படும் உலக விளையாட்டுப் போட்டிகளில் 1981 முதல் இடம்பெறுகின்றது.

போட்டி எப்படி நடக்கும்?

போட்டியாளரை முதலில் நிறை பார்த்து உரிய பிரிவில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் மூன்று சந்தர்ப்பங்கள். மூன்றில் எது கூடியதோ அது கணக்கில் வரும். ஸ்குவாட்டில் 100 கிலோ, பெஞ்ச் பிரஸ்ஸில் 65, டெட்லிஃப்டில் 120 தூக்கினால் மொத்தம் 285 கிலோ. மொத்தம் கூடியவர் வெற்றியாளர். ஏதாவது ஒரு தூக்கலில் மூன்று தடவையும் தவறினால் மொத்தமே இல்லாமல் போய்விடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் முதல் சந்தர்ப்பத்துக்கு எப்போதும் சுலபமான பாரத்தையே கேட்பார்கள். ஏனென்றால் ஒரு பாரத்தைக் கேட்டுத் தவறவிட்ட பிறகு அதைக் குறைத்துக் கேட்க முடியாது.

மூன்று நடுவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வெள்ளை விளக்கு, சிவப்பு விளக்கு. இரண்டு வெள்ளை விழுந்தால் தூக்கல் செல்லும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே போக வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் தண்டு நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகு, நடுவர் சொன்னால்தான் தள்ள வேண்டும். டெட்லிஃப்டில் நிமிர்ந்து நின்று, நடுவர் கையை இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளூர் ஜிம்மில் 100 கிலோ தள்ளுகின்றேன் என்பவர் போட்டி மேடையில் 85 கிலோவில் சிவப்பு விளக்கு வாங்குவது சாதாரணம். நெஞ்சில் பட்டவுடன் துள்ளவைத்துத் தள்ளுவது அங்கே செல்லாது.

வெறும் தண்டு 20 கிலோ. சர்வதேசப் போட்டிகளில் தட்டுகளை நிறத்தால் அடையாளம் காணலாம்: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10 கிலோ. தட்டுகள் நழுவாமல் இருபக்கமும் போடுகின்ற பூட்டு ஒவ்வொன்றும் 2.5 கிலோ. ஆகவே இருபக்கமும் ஒவ்வொரு சிவப்புத் தட்டு போட்டாலே 75 கிலோ வந்துவிடும்.

வயது ஒரு தடையல்ல. சர்வதேச சம்மேளனத்தின் போட்டிகளில் 40 வயதுக்கு மேல், 50க்கு மேல், 60க்கு மேல், 70க்கு மேல் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

விடுதியில் பிறந்த முறை

இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகள் காயப்பட்டவர்களால் நிரம்பி வழிந்தன. முழங்கால் சிதைந்து, சத்திரசிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தவர்கள் பலர். அந்தக் காலத்து வழக்கம், இலேசான பயிற்சியைப் பலதடவை செய்விப்பது. அதில் தசை மீளவில்லை. சிகாகோவின் கார்டினர் இராணுவ வைத்தியசாலையில் பணியாற்றிய தோமஸ் டிலோர்ம் என்ற இளம் வைத்தியர் இதை மாற்றிப் பார்த்தார். இளவயதில் வாதக்காய்ச்சலில் விழுந்து, பிறகு பாரம் தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். நோயாளிகளுக்கு இலேசான பாரமல்ல, பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத அளவு கனமான பாரத்தைக் கொடுத்தார். தசை பழகப் பழகப் பாரத்தைக் கூட்டினார். தேறுகின்ற காலம் குறைந்தது. 1945இல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

சில ஆண்டுகளில் அவரும் ஆர்தர் வொட்கின்ஸ் என்ற வைத்தியரும் அந்த முறையைச் சுருக்கி எளிதாக்கினார்கள். பத்துத் தடவை மட்டும் தூக்கக்கூடிய ஆகக்கூடிய பாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்றில் அதில் பாதி, இரண்டாம் சுற்றில் முக்கால், மூன்றாம் சுற்றில் முழுவதும். ஒவ்வொரு சுற்றிலும் பத்துத் தடவை. இன்று எந்த ஜிம்முக்குப் போனாலும் 'பத்துப் பத்தாக மூன்று செற்' என்று சொல்லித் தருகின்றார்களே, அது பரவியதில் இந்த வைத்தியசாலை விடுதிக்கு முக்கிய இடம் உண்டு.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இன்னொருவர் இருந்தார். லுட்விக் குட்மன், நாசி ஜேர்மனியிலிருந்து 1939இல் தப்பி வந்த யூத நரம்பியல் வைத்தியர். 1944 பெப்ரவரியில் முள்ளந்தண்டு காயத்துக்கான பிரிவை அங்கே திறந்தார். அப்போது முள்ளந்தண்டு முறிந்தவர் அதிக காலம் வாழ்வார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொன்றன. குட்மன் நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். பிறகு கையில் வில்லையும் பந்தையும் கொடுத்தார். லண்டன் ஒலிம்பிக் ஆரம்பமான 1948 ஜூலை 29 அன்றே, காயப்பட்ட 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதில் இருவர் பெண்கள். பராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

1964 டோக்கியோ பராலிம்பிக்கில் பளுதூக்கல் சேர்க்கப்பட்டது. அன்று முள்ளந்தண்டு காயப்பட்ட ஆண்களுக்கு மட்டும். 1984இல் வலுதூக்கல் என்ற பெயரில் வேறு குறைபாடுள்ளவர்களுக்கும் வழி திறந்தது. பெண்கள் நுழைந்தது 2000இல்.

பரா வலுதூக்கல்: ஒரேயொரு தூக்கல்

பரா வலுதூக்கலில் ஸ்குவாட்டும் இல்லை, டெட்லிஃப்டும் இல்லை. பெஞ்ச் பிரஸ் மட்டும். ஆனால் சாதாரண பெஞ்ச் பிரஸ்ஸைவிட இது கடினம். சாதாரணப் போட்டியில் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, காலால் உந்தி உடலை இறுக்கிக்கொள்ளலாம். இங்கே கால்கள் வாங்கின்மீது நீட்டப்பட்டிருக்கும். அதற்கேற்ப வாங்கு நீளமானது. கால்களைப் பட்டியால் கட்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு. நெஞ்சும் தோளும் கைகளும் முதுகும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். கையை நேராக நீட்டிப் பாரத்தைத் தாங்கி, நடுவரின் சைகைக்குப் பிறகு நெஞ்சுவரை இறக்கி, அங்கே அசையாமல் நிறுத்தி, இரண்டு கையும் சமமாக உயர்த்தி முடிக்க வேண்டும். ஒரு கை சற்றுப் பின்தங்கினாலும் சிவப்பு விளக்குத்தான்.

யார் போட்டியிடலாம்? கால்களில் அல்லது இடுப்பில் நிலையான குறைபாடு உள்ளவர்கள். கால் துண்டிக்கப்பட்டவர், முள்ளந்தண்டு காயத்தால் கால் இயங்காதவர், போலியோ பாதித்தவர், மூட்டு விறைத்தவர், கால்கள் நீளத்தில் பெரிதும் வேறுபட்டவர், குள்ளமானவர், மூளை வாதமுள்ளவர் என்று பட்டியல் விரிகின்றது. வேறு பரா விளையாட்டுகளில் குறைபாட்டின் அளவைப் பொறுத்துப் பல வகுப்புகள் இருக்கும். இங்கே அது இல்லை. தகுதி பெற்றுவிட்டால் எல்லோரும் ஒரே களத்தில், உடல் நிறையின் படி மட்டும் பிரிக்கப்படுவார்கள். ஆண்களுக்குப் பத்து, பெண்களுக்குப் பத்துப் பிரிவுகள். ஆண்களில் மிகக் குறைந்தது 49 கிலோ, பெண்களில் 41 கிலோ. காலை இழந்தவருக்கு, இழந்த பகுதியைப் பொறுத்து ஒரு சிறு நிறையைச் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள்.

இந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈரானின் சியாமண்ட் ரஹ்மான் உதாரணம். 2016 ரியோ பராலிம்பிக்கில் 310 கிலோவை நெஞ்சிலிருந்து தள்ளினார். 2020 மார்ச்சில் 31 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். எனக்கு அவரைவிட முக்கியமாகப் படுபவர் நைஜீரியாவின் லூசி எஜிகே. சிறுவயதில் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவர். 2004, 2008, 2016 என மூன்று பராலிம்பிக் தங்கங்கள் வென்றார். நைஜீரியா வசதியான நாடல்ல. ஓட்டப் போட்டிக்கான செயற்கைக் காலோ பந்தயச் சக்கர நாற்காலியோ இலட்சக்கணக்கில் செலவு வைக்கும். இந்த விளையாட்டுக்கு ஒரு வாங்கு, ஒரு தண்டு, தட்டுகள் போதும், அதையும் பத்துப் பேர் சேர்ந்து பாவிக்கலாம். ஏழை நாடுகள் இதில் முன்னுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கின்றேன். அயலில் பார்த்தால், இந்தியாவின் ராஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸில் வெண்கலம் வென்றார். சுதிர் 2022 பொதுநலவாயப் போட்டியில் தங்கம் வென்றார்.

இலங்கையின் பராலிம்பிக் வரலாற்றில் முதல் பதக்கம் 2012இல் 400 மீற்றர் ஓட்டத்தில் பிரதீப் சஞ்சயவுக்கும், முதல் தங்கம் டோக்கியோவில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்த தினேஷ் பிரியந்த ஹேரத்துக்கும் கிடைத்தன. இருவரும் போரில் காயப்பட்ட இராணுவத்தினர். அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் மைதானமும் பயிற்றுநரும் சம்பளமும் உள்ள ஒரு நிறுவனம் இருந்தது. எறிகணையில் காலிழந்த வன்னிப் பொதுமகனுக்கோ முன்னாள் போராளிக்கோ அப்படியொரு நிறுவனம் இல்லை. செயற்கைக் கால் கொடுப்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கின்றது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக வன்னியில் உயிரிழை இயங்குகின்றது. அதற்கு அடுத்த படியாக, தேறிய உடலை வலுவாக்குகின்ற இடங்கள்தான் எங்களுக்குத் தேவை.

பதக்கம் பெறாதவருக்கும் இதில் பயன் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் கட்டிலுக்கு மாறுவதும், முற்சக்கர வண்டியில் ஏறுவதும், மலசலகூடம் போவதும் கை வலுவைப் பொறுத்தவை. அந்த வலு குறையக் குறைய இன்னொருவரின் கை தேவைப்படும். தாயோ மனைவியோ வயதாகிவிட்ட பிறகு யார் தூக்குவது என்ற கேள்வி எத்தனையோ வீடுகளில் இருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும், மாற்றுத்திறனாளிகள் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றே சொல்கின்றது.

எப்படித் தொடங்குவது?

முதலில் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ பாருங்கள். உடலில் இன்னும் எறிகணைச் சிதறல் அல்லது சன்னம் இருப்பவர்கள், குறிப்பாக நெஞ்சு, கழுத்து, தோள், முள்ளந்தண்டு பகுதிகளில் இருப்பவர்கள், அதைச் சொல்லி எக்ஸ்ரே பார்த்த பிறகே பாரம் எடுக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அப்படியே. கனமான பாரத்துக்கு மூச்சை அடக்கும்போது அழுத்தம் சட்டென ஏறும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். நடுவில் ஒருநாளாவது ஓய்வு வேண்டும். முதல் இரண்டு வாரம் வெறும் தண்டோடு மட்டும் பழகுங்கள். கட்டைவிரல் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடிக்காமல் உள்ளங்கையில் வைத்துத் தள்ளுபவர்களின் நெஞ்சிலும் கழுத்திலும் தண்டு நழுவி விழுந்திருக்கின்றது. தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து வாங்கோடு அழுத்திக்கொள்ளுங்கள். முழங்கையை உடலுக்குச் செங்குத்தாக விரிக்காமல் சற்று உள்ளே வைத்திருங்கள். தண்டை மெதுவாக நெஞ்சுவரை இறக்கி, ஒரு செக்கன் நிறுத்தி, தள்ளுங்கள்.

பிறகு டிலோர்ம் முறை. பத்துத் தடவை 40 கிலோ தள்ள முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்று வெறும் தண்டு, அதாவது 20 கிலோ. இரண்டாவது 30. மூன்றாவது 40. சுற்றுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. கடைசிச் சுற்றில் பத்துக்கு மேலும் போகும் என்று தெரிகின்ற நாளில் அடுத்த தடவை 2.5 கிலோ கூட்டுங்கள். பக்கத்துக்கு 1.25 கிலோ சிறு தட்டு அதற்காகத்தான். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதியும் பாரமும் தடவையும் எழுதி வையுங்கள். ஆரம்ப வாரங்களில் பாரம் வேகமாகக் கூடும். அது தசை வளர்ந்ததால் அல்ல, இருக்கின்ற தசையை நரம்புகள் நன்றாகப் பாவிக்கப் பழகியதால். மூன்று நான்கு மாதத்தில் வேகம் குறையும். அதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகின்றார்கள். உண்மையான பயிற்சி அப்போதுதான் தொடங்குகின்றது.

தள்ளுவது மட்டும் போதாது. சக்கர நாற்காலி பாவிப்பவரின் தோள் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. தோள் நோவு அவர்களிடையே மிகச் சாதாரணம். கால் இல்லாதவருக்குத் தோளும் போனால் இரண்டு தடவை காயப்பட்டது போல. ஆகவே எத்தனை தடவை தள்ளுகிறீர்களோ, குறைந்தது அத்தனை தடவை பின்னுக்கு இழுக்கின்ற பயிற்சியும் செய்ய வேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி, இரண்டு முனையையும் பிடித்து முழங்கையைப் பின்னால் இழுத்தாலே போதும். ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் அதோடு தொடங்கலாம். ஐந்து லீற்றர் கானில் தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ. மணல் நிரப்பினால் அதைவிடக் கனம்.

செயற்கைக் கால் பொருத்தியவர்கள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் பழகுவதற்கும் தடையில்லை. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கு இது கூடுதலாகச் சாத்தியம். முதலில் கதிரையில் இருந்து எழும்புவதைப் பயிற்சியாகச் செய்து, பாரத்தைப் பிறகு சேர்க்க வேண்டும். வியர்வையில் பொருத்தும் கிண்ணம் நழுவும், தோல் உரியும். புண் இருக்கின்ற நாளில் வேண்டாம். கையை இழந்தவர்களுக்குப் பரா வலுதூக்கலில் இடமில்லை. அவர்களுக்கு ஓட்டமும் எறிதலும்தான் பொருத்தம். கண்பார்வை இழந்தவர்களுக்கோ உலகப் பார்வையற்றோர் விளையாட்டுச் சம்மேளனம் தனியாகவே வலுதூக்கல் போட்டி நடத்துகின்றது.

தனியாகச் செய்யாதீர்கள். தண்டு நெஞ்சில் விழுந்தால், கால் இயங்குகின்றவர் உருண்டாவது தப்பலாம். கால் இயங்காதவருக்கு அது முடியாது. தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும், அல்லது இருபக்கமும் தண்டைத் தாங்கும் கம்பி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நாளில் தண்டை விட்டுவிட்டுக் கையில் பிடிக்கும் சிறு பாரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள் அறியவேண்டியது

காயம் ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் ஆபத்து உண்டு. உணர்வில்லாத பகுதியில் ஏதாவது உறுத்தினால், அதாவது சிறுநீர்ப்பை நிரம்பினாலோ குழாய் மடிந்தாலோ பட்டி இறுகினாலோ, இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை வெடிப்பது போல் வலிக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேல் வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டியையும் இறுகிய உடையையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைப் பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலை. இந்த அழுத்தம் பாரம் தூக்க உதவும் என்று வேண்டுமென்றே அதை வரவழைத்த வீரர்களும் உண்டு. பராலிம்பிக்கில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. பயிற்சிக்கு முன்னர் சிறுநீர்ப்பையை வெறுமையாக்குவதைப் பழக்கமாக்குங்கள்.

இயங்காத கால்களின் எலும்பு காலப்போக்கில் மெலிந்துவிடும். நாற்காலியிலிருந்து வாங்குக்கு மாறும்போது சிறு விழுகையிலும் முறியலாம், வலியும் தெரியாது. வாங்கின் உறை கடினமாக இருந்தால் படுக்கைப் புண் வரும். பயிற்சி முடிந்ததும் கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கொண்டோ தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் காயப்பட்டவர்களுக்கு உடல் சரியாக வியர்க்காது. எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பயிற்சி வேண்டாம்.

இன்னொன்று. இரும்புத் தட்டு தரையில் விழுகின்ற சத்தம். ஜிம் நடத்துபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எறிகணைக்குள் வாழ்ந்து வந்த ஒருவருக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தமல்ல. தரையில் றப்பர் விரிப்புப் போடுவதும் ஆட்கள் குறைந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் வாசலைத் தாண்டி உள்ளே வருபவர்கள் கூடுவார்கள்.

சாப்பாடு

தசை வளரப் புரதம் வேண்டும். பாரம் தூக்குகின்றவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம்வரை போதும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில், அவித்த பயறு 100 கிராமில் 7 கிராம் அளவில் உண்டு. சோயாவும் கடலையும் நெத்தலிக் கருவாடும் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குகின்ற மாப்பேணிக்குக் குறைந்தவையல்ல. சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்திலும் முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள் மத்தியிலும் இருக்கின்றபடியால், இரத்தப் பரிசோதனை செய்யாமல் புரத மாவை ஆரம்பிக்க வேண்டாம். 'சீக்கிரம் வளர' என்று ஊசியோ குளிசையோ நீட்டுகின்ற பயிற்றுநரை விட்டு விலகுங்கள். போட்டியில் பிடிபட்டால் பல ஆண்டுத் தடை. பிடிபடாவிட்டாலும் இதயமும் ஈரலும் விலை கொடுக்கும்.

போட்டிக்குப் போக விரும்புபவர்கள்

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் விளையாட்டு உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கின்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகள் எப்போது, பெஞ்ச் பிரஸ் உண்டா, பயிற்சிக்கு வாங்கு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். வாயால் கேட்பதைவிடக் கடிதமாகக் கொடுத்துப் பிரதி வைத்திருப்பது நல்லது. ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. தேசிய மட்டத்தில் பொறுப்பானது தேசிய பராலிம்பிக் குழு.

சர்வதேசப் போட்டிக்கு வயது குறைந்தது 15 ஆக இருக்க வேண்டும். அதற்கு முன் குறைபாட்டை உறுதிப்படுத்தும் வகைப்படுத்தல் பரிசோதனை நடக்கும். அதற்கு மருத்துவ ஆவணங்கள் வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்களுக்குச் சிக்கல். 2009இன் இடப்பெயர்வில் நோய் நிர்ணய அட்டையும் எக்ஸ்ரேயும் கிளினிக் கொப்பியும் தொலைந்துபோனவர்கள் ஏராளம். காயப்பட்ட அன்றைய பதிவு இல்லாவிட்டாலும், இன்றைய நிலையை அரச வைத்தியசாலையின் விசேட வைத்திய நிபுணர் பரிசோதித்து எழுதிக் கொடுக்கலாம். புதிதாக எக்ஸ்ரேயும் எடுக்கலாம். போட்டி அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, அடுத்த கிளினிக் நாளிலேயே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.